தள்ளினால் கிளம்பும் வண்டி

"தள்ளுனா கெளம்புது மேஸ்திரி, செல்ஃப் அடிச்சா மட்டும் கெளம்ப மாட்டேங்குது."

காரின் சொந்தக்காரர் இப்படிச் சொல்லிவிட்டால் நான் கார்புரேட்டர் பக்கம் போவதில்லை. பிளக்கையும் கழற்றுவதில்லை. பெட்ரோல் அதே பெட்ரோல், பிளக் அதே பிளக், டைமிங்கும் அதேதான். தள்ளும்போது இன்ஜினைச் சுற்றுவது நாலு பேரின் தோள். சாவியைத் திருப்பும்போது சுற்றுவது பேட்டரி. வேறுபாடு அது ஒன்றுதான். அம்பாசடரின் இன்ஜினைப் புரட்ட செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 12.6 வோல்ட் காட்டிய நல்ல பேட்டரிகூட அந்த நேரத்தில் 10-க்கு இறங்கிவிடும். மிச்சமிருக்கும் அந்தப் பத்து வோல்ட்டை வைத்துத்தான் இக்னிஷன் காயில் தன் வேலையைச் செய்தாக வேண்டும். வருகிற வழியில் இரண்டு மூன்று வோல்ட் தொலைந்துபோனால் பிளக்கில் நெருப்பு விழாது. தள்ளும்போது பேட்டரிக்கு அந்தப் பாரம் இல்லாததால், குறையை வைத்துக்கொண்டே வண்டி கிளம்பிவிடும்.

நான் காட்டுமன்னார்கோயிலில் ஆட்டோ எலக்ட்ரீஷியன். சிதம்பரத்தில் ஒரு மேஸ்திரியிடம் தொழில் பழகி, ஊருக்குத் திரும்பிப் பட்டறை போட்டேன். சோறு போடுவது டிராக்டரும், நெல் அறுக்கும் மிஷினும், லோடு வண்டியும்தான். எல்லாம் டீசல்; அவற்றில் பிளக்கும் கிடையாது, காயிலும் கிடையாது. ஆனாலும் லால்பேட்டை, ஆயங்குடி, குமராட்சி, சேத்தியாத்தோப்பு என்று சுற்றுவட்டாரத்தில் ஊருக்கு ஒன்றாவது பழைய பெட்ரோல் கார் இன்னும் நிற்கிறது. மிராசுதார் வீட்டு அம்பாசடர், அண்ணாமலை நகரில் பேராசிரியராக இருந்தவர் விட்டுச்சென்ற ஃபியட், எங்கோ ஒரு மாட்டுக்கொட்டகையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அம்பாசடர் செய்த உத்தர்பாரா ஆலை 2014 மே மாதம் நின்றுபோனது. 1961-இல் சென்னையில் ஹெரால்டு செய்யத் தொடங்கிய கம்பெனி அதற்கு வெகுகாலம் முன்பே மூடியாயிற்று. இந்த வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கு விற்கவும் மனம் வராது, அடிக்கடி ஓட்டவும் நேரம் இராது. கல்யாணம், பெருநாள், பொங்கல் என்று வந்தால் சாவியைத் தேடுவார்கள். அன்றைக்கென்று வண்டி கிளம்பாது.

லால்பேட்டையில் ஒரு வீடு. கல்யாணத்துக்காகத் துபாயிலிருந்து வந்திருந்தார் மகன். அத்தா வாங்கிய அம்பாசடரில்தான் மாப்பிள்ளையை அழைத்துவர வேண்டும் என்பது அவர் ஆசை. நான் போவதற்கு முன்பே இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். காயில் புதிது, கண்டென்சர் புதிது, நாலு பிளக்கும் புதிது, பேட்டரியும் அந்த வாரம் வாங்கியது. இத்தனைக்குப் பிறகும் தெருப்பிள்ளைகள் சேர்ந்து தள்ளினால்தான் கிளம்பியது.

"காயிலுக்கு கரெக்டா 12 வோல்ட் வருது மேஸ்திரி. மீட்டர் வச்சு என் கண்ணு முன்னாடியே காட்டுனாங்க," என்றார் மகன்.

"பாய்ண்ட் தெறந்திருக்கறப்ப வச்சாங்களா, மூடியிருக்கறப்ப வச்சாங்களா பாய்?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. புரியாததில் தவறும் இல்லை. மீட்டர் பிடிக்கிறவர்களே பலர் இதைக் கேட்டுக்கொள்வதில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று விளக்க வேண்டும். காயிலுக்குள் ஒரு இரும்புக் கட்டையைச் சுற்றி இரண்டு சுருள்கள். ஒன்று தடித்த கம்பியில் சில நூறு சுற்று. மற்றது மயிரிழை போன்ற கம்பியில் பல்லாயிரம் சுற்று. சாவியைப் போட்டதும் பேட்டரியின் மின்சாரம் தடித்த சுருள் வழியாக வந்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் வழியாக எர்த்துக்குப் போகும். பாயிண்ட் மூடியிருக்கும் அந்தச் சிறு நேரத்தில் காயிலில் காந்தப்புலம் ஏறுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் கேம் பாயிண்ட்டைத் திறந்ததும் ஓட்டம் அறுந்து, காந்தப்புலம் சட்டென்று சரிகிறது. சரிகிற வேகத்தில் மெல்லிய சுருளில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் எழுந்து பிளக்கின் இடைவெளியைத் தாண்டுகிறது. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கி 1912 கேடில்லாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டரோடு வந்த ஏற்பாடு இது. நம் ஊர் அம்பாசடர் வரைக்கும் அடிப்படை மாறவே இல்லை.

ஆகவே பிளக்கில் எவ்வளவு நெருப்பு என்பதைத் தீர்மானிப்பது, பாயிண்ட் மூடியிருக்கும்போது தடித்த சுருளில் ஓடும் ஆம்பியர். பழைய 12 வோல்ட் காயிலின் முதல் சுருளுக்கு ஏறக்குறைய 3 ஓம் தடை. பன்னிரண்டை மூன்றால் வகுத்தால் 4 ஆம்பியர். வழியில் ஏதோ ஒரு இணைப்பு துருப்பிடித்து வெறும் 1 ஓம் கூடிவிட்டதென்று வையுங்கள். மொத்தம் 4 ஓம், ஓட்டம் 3 ஆம்பியர். காயிலுக்குக் கிடைப்பது 9 வோல்ட்தான். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியே 10-க்கு இறங்கிவிடுவதால் ஓட்டம் இரண்டரை ஆம்பியர் ஆகும். காயிலுக்கு ஏழரை வோல்ட். காந்தப்புலத்தில் சேரும் ஆற்றல் ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் நாலு இரண்டரையாகக் குறைந்தால் நெருப்பு பாதிக்கும் கீழே, ஐந்தில் இரண்டு பங்குக்கு வந்துவிடும். ஒரே ஒரு ஓம் செய்கிற வேலை இது.

பாயிண்ட் திறந்திருக்கும்போது இதே வயரில் மீட்டர் வைத்தால் என்ன காட்டும்? முழுசாக 12. ஓட்டமே இல்லாதபோது அந்த 1 ஓமில் எதுவும் இழப்பாகாது. இப்போது வரும் டிஜிட்டல் மீட்டர்களின் உள்தடை பொதுவாக ஒரு கோடி ஓம். அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. வயரில் பத்து இழை அறுந்து ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அந்த மீட்டர் சந்தோஷமாக 12 காட்டும்.

எங்கள் ஊர் விவசாயிகளிடம் இதைச் சொல்ல எனக்கு வீராணம் ஏரி போதும். வாய்க்காலின் கடைமடையில் ஷட்டரை இறக்கி வையுங்கள். ஆகாயத்தாமரை அடைத்து, பாதி தூர்ந்துபோன வாய்க்காலாக இருந்தாலும் தண்ணீர் மெல்லமெல்ல ஊர்ந்து வந்து தலைமடை மட்டத்துக்கே நிற்கும். பார்க்கிறவர் வாய்க்கால் நிறைந்திருக்கிறது என்றுதான் சொல்வார். ஷட்டரைத் தூக்கினால் உண்மை தெரியும். மட்டம் இறங்கும், வயலுக்கு ஈரம்கூட எட்டாது. ஏரி 47.5 அடி முழுக்கொள்ளளவில் நின்றாலும் அதேதான். காயிலுக்கு வரும் வோல்ட்டேஜையும் ஷட்டரைத் தூக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும். அதாவது பாயிண்ட்டை மூடி, மின்சாரத்தை ஓடவிட்டு.

லால்பேட்டை வீட்டில் அதைத்தான் செய்தேன். வண்டியை நாலாவது கியரில் போட்டு, இரண்டு தம்பிகளை விட்டு லேசாக நகர்த்தி, பாயிண்ட் மூடும் இடத்தில் நிறுத்தினேன். சாவியைப் போட்டு, காயிலில் சாவி சுவிட்சின் வயர் வந்து சேரும் எஸ்.டபிள்யூ. முனையில் மீட்டரை வைத்ததும் 9.1 காட்டியது. அதே நேரம் பேட்டரியில் 12.3. மூன்று வோல்ட்டுக்கு மேல் வழியில் காணாமல் போகிறது. அடுத்து, காயிலிலிருந்து பாயிண்ட்டுக்கு வயர் போகும் சி.பி. முனையை ஒரு வயரால் நேரே எர்த் செய்துவிட்டு, மகனை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். இப்படி எர்த் செய்தால் பாயிண்ட் திறந்து மூடினாலும் காயிலில் ஓட்டம் நிற்காது. வண்டி கிளம்பாது, மீட்டர் முள்ளும் ஆடாமல் ஒரே எண்ணைக் காட்டும். பேட்டரியில் 10.1, காயிலில் 7.5. புதுக் காயில் என்ன, பத்துக் காயில் மாற்றினாலும் இந்த வண்டி செல்ஃபில் கிளம்பாது.

இப்படிச் சோதிக்கும்போது சாவியை நிமிஷக்கணக்கில் போட்டே வைக்கக் கூடாது. இன்ஜின் ஓடாமல் பாயிண்ட் மூடியே இருந்தால் காயில் சூடேறும், அப்படியே விட்டால் வெந்துபோகும். அளந்ததும் அணைத்துவிட வேண்டும்.

தொலைந்த மூன்று வோல்ட் எங்கே என்று தேடுவதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலேயே கட்டிவிட்டு, கறுப்பு முனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே போவது. அந்த இணைப்பு வரைக்கும் எவ்வளவு இழப்பு என்பதை மீட்டரே சொல்லிவிடும். கழித்தல் கணக்குப் போட வேண்டாம். சோலினாய்டு போல்ட்டில் ஒன்றுமில்லை. கட்-அவுட் பாக்ஸில் 0.2. சாவி சுவிட்சின் உள்முனையில் 0.3, வெளிமுனையில் 0.4. இதெல்லாம் வயதான வண்டிக்கு மன்னிக்கக்கூடிய இழப்பு. அடுத்து நேரே காயிலில் வைத்தால் 3.2. ஆக, சுவிட்சுக்கும் காயிலுக்கும் நடுவிலுள்ள ஒரே ஒரு வெள்ளை வயர்தான். லூக்காஸ் முறையில் சாவியிலிருந்து காயிலுக்குப் போகும் வயர் வெள்ளை. காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போவது வெள்ளையில் கறுப்புக் கோடு. இந்த வெள்ளை வயர் எந்த ஃபியூஸ் வழியாகவும் போவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துப் பார்த்தால் வெள்ளை வயரின் நடுவில் துணி டேப் சுற்றிய ஒரு முடிச்சு. அதிலிருந்து இரண்டு சிவப்பு வயர்கள் கிளம்பி டிரைவர் பக்கத்துச் சாமான் தட்டின் அடிக்குப் போயின. அங்கே வெளியே தெரியாமல் ஒரு சின்ன டாகிள் சுவிட்ச். வண்டி திருட்டுக்குப் பயந்து அந்தக் காலத்தில் பலர் வைத்துக்கொண்ட ரகசிய சுவிட்ச். தொட்டதும் சுட்டது. மூன்று ஆம்பியரில் மூன்று வோல்ட் இழந்தால் 9 வாட் சூடு அந்த இத்தனூண்டு சுவிட்சுக்குள்தானே போயாக வேண்டும்!

வீட்டு அம்மா உள்ளேயிருந்து வந்து பார்த்தார். "அது அவங்க அத்தா வச்சது தம்பி. ராத்திரி வண்டிய நிறுத்துனா கீழ கைய விட்டு ஒண்ணு தட்டிட்டுத்தான் எறங்குவாங்க. என்னமோன்னு நெனச்சேன்," என்றார். அந்த சுவிட்சைப் பற்றி மகனுக்குத் தெரியவே தெரியாது. அத்தா கடைசியாக வண்டியை விட்டு இறங்கியபோது அதைத் தட்டாமல் விட்டிருக்கிறார். அது ஆன் ஆகவே இருந்து, உள்ளே மெல்லக் கருகிவந்திருக்கிறது.

சுவிட்சைப் பிடுங்கிவிட்டு வயரை நேராக இணைத்தால் பத்து நிமிஷ வேலை. மகனும் அதைத்தான் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. அம்மாவும் "இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். அதே அளவில் புது டாகிள் சுவிட்சை அதே துளையில் பொருத்தி, பானெட்டுக்குள் ஒரு ரிலே வைத்தேன். காயிலுக்குப் போகும் 4 ஆம்பியர் இப்போது சோலினாய்டு போல்ட்டிலிருந்து ஒரு ஃபியூஸ் வழியாக, ரிலேயின் கனத்த காண்டாக்ட்டைத் தாண்டி நேரே போகிறது. சாவி சுவிட்சும் ரகசிய சுவிட்சும் ரிலேயின் சின்னச் சுருளை மட்டும் இழுத்தால் போதும். அதற்கு ஆம்பியரில் ஒரு சிறு பங்கே போதும். அந்த வயரில் பிற்காலத்தில் திரும்பவும் ஒரு ஓம் தடை வந்தாலும் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. வேலை முடிந்து செல்ஃப் அடித்ததும் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

என் மேஸ்திரியிடம் மீட்டர் கிடையாது. ஒரு பழைய ஹெட்லைட் பல்பில் இரண்டு நீள வயர், நுனியில் முதலைக் கிளிப். அதுதான் அவருடைய ஆயுதம். அதை எல்லாரும் கேலியாகப் பார்ப்பார்கள். நான் மீட்டர் வாங்கிப் பல காலம் கழித்துத்தான் அந்தப் பல்பின் பெருமை எனக்கு விளங்கியது. 45 வாட் பல்பு 12 வோல்ட்டில் நாலு ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். காயில் இழுப்பதும் அவ்வளவுதான். காயிலின் வயரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பல்பைக் கட்டினால், காயிலுக்கு என்ன கிடைக்கிறதோ அதுவே பல்புக்குக் கிடைக்கும். பல்பு பளிச்சென்று எரிந்தால் வழி சுத்தம். சிவந்து மங்கினால் இடையில் எங்கோ அடைப்பு. செல்ஃப் அடிக்கும்போது அணைந்தே போனால் இக்னிஷன் சுவிட்சைப் பார். இதைவிடத் தெளிவாக எந்த மீட்டரும் சொல்லிவிடாது. இன்றைக்குக் கடைகளில் விற்கும், உள்ளே எல்.இ.டி. வைத்த பேனா மாதிரி டெஸ்டரை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. அதுவும் ஒன்றும் இழுக்காது. டிஜிட்டல் மீட்டரின் குறைதான் அதற்கும். என் பட்டறையில் மீட்டரும் உண்டு, மேஸ்திரி தந்த பல்பும் உண்டு. பழகவரும் பையன்களுக்கு முதலில் பல்பைத்தான் கொடுப்பேன்.

காயிலுக்கு வோல்ட்டேஜ் ஒழுங்காக வந்துவிட்டால் அடுத்தது போகிற வழி. இதைப் பலர் பார்ப்பதே இல்லை. பாயிண்ட் மூடியிருக்கும்போது சி.பி. முனையில் மீட்டர் வைத்தால் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும், 0.2 வரை போனால் போகட்டும். ஒரு வோல்ட் காட்டினால் பாயிண்ட் கருகியிருக்கிறது, அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்கு எர்த் சரியில்லை. 12 காட்டினால் பாயிண்ட் மூடவே இல்லை என்று பொருள். பல மாதம் நின்ற வண்டியில் பாயிண்ட்டின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத படலம் ஒன்று படிந்துவிடும். மூடியிருப்பதாகத்தான் தெரியும், மின்சாரம் போகாது. ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பெட்ரோலில் நனைத்து நடுவில் விட்டு இழுத்தாலே சில வண்டிகள் கிளம்பிவிடும்.

சிதம்பரத்தில் ஒரு ஃபியட் ஓடிக்கொண்டிருக்கும்போதே துண்டித்துத் துண்டித்து நிற்பதாகக் கொண்டுவந்தார்கள். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு குலுக்கல். பாயிண்ட் தகட்டையும் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பையும் இணைக்க உள்ளே விரல்நீளம்கூட இல்லாத ஒரு நெகிழ்வான பின்னல் வயர் உண்டு. வேகத்துக்குத் தக்கபடி தகடு முன்னும் பின்னும் அசையும்போதெல்லாம் அதுவும் வளைந்து நிமிரும். அது துணி உறைக்குள்ளேயே அறுந்திருந்தது. வெளியே பார்த்தால் முழுசாகத்தான் தெரிந்தது. விரலால் பிடித்து இழுத்தபோது ரப்பர் மாதிரி நீண்டது, அப்போதுதான் பிடிபட்டது. இதற்கென்று புது வயர் எங்கே தேடுவது? பழைய செல்ஃப் மோட்டார் கார்பனில் இருக்கும் பின்னலில் ஒரு துண்டு எடுத்துப் பற்றவைத்தேன். சாதாரண வயரைப் போட்டால் விறைப்பாக நின்று தகட்டின் அசைவையே கெடுத்துவிடும்.

பாயிண்ட் மாற்றியதும் வண்டி செத்துவிட்டது என்று வருகிறவர்களும் உண்டு. அந்தச் சின்ன ஸ்க்ரூவில் பாயிண்ட் ஸ்பிரிங், கண்டென்சர் வயர், காயிலிலிருந்து வரும் வயர் மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டும், ஸ்க்ரூவையும் தகட்டையும் தொடாமலும் இருக்க வேண்டும். அதற்காகவே பிளாஸ்டிக் வாஷர்கள். ஒரு வாஷர் இடம் மாறினால் காயில் நிரந்தரமாக எர்த் ஆகிவிடும். பாயிண்ட் திறந்தாலும் ஓட்டம் நிற்காது, நெருப்பும் வராது. பாயிண்ட்டைத் திறந்து வைத்து சி.பி. முனையில் மீட்டர் வைத்தால் 12 காட்ட வேண்டிய இடத்தில் பூஜ்யம் காட்டும். பாயிண்ட் இடைவெளி 15 தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து. பிளக்குக்கு 25. கேமில் துளி கிரீஸ் வைக்க மறந்தால் பாயிண்ட்டின் குதிகால் தேய்ந்து இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும், டைமிங்கும் பின்வாங்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் வேறு வகை வேலை. எங்கள் பக்கம் மழை பிடித்தால் வாரக்கணக்கில் ஈரம். ஒரு பக்கம் கொள்ளிடம், ஒரு பக்கம் ஏரி, கிழக்கே கொஞ்ச தூரத்தில் கடல். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் உள்ளே பனி மாதிரி நீர் கோத்துவிடும். பத்தாயிரம் வோல்ட்டுக்கு அந்த ஈரம் நல்ல பாதை. பிளக்குக்குப் போகாமல் கேப்பின் மேலேயே ஊர்ந்து எர்த்துக்குப் போய்விடும். துடைத்துக் காயவைத்தால் அன்றைக்குச் சரியாகும். ஆனால் மின்சாரம் ஊர்ந்த வழியில் பென்சில் கோடு மாதிரி ஒரு கருங்கோடு விழுந்திருந்தால் அந்தக் கேப்பைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அந்தக் கோடு கரி, கரி மின்சாரத்தைக் கடத்தும். சுரண்டி எடுத்துவிட்டு இன்னும் ஓட்டலாம் என்பார்கள். நடுரோட்டில் நிற்க விருப்பமிருந்தால் செய்யலாம். ரோட்டரிலும் இதே நோய் வரும். காயிலின் ஹைடென்ஷன் வயரை ரோட்டரின் பித்தளை முகத்துக்கு அரை விரல்கடை தூரத்தில் பிடித்து, பாயிண்ட்டை விரலால் தட்டித் திறக்க வேண்டும். நெருப்பு ரோட்டருக்குத் தாவினால் ரோட்டர் உள்ளுக்குள் ஓட்டையாகி ஷாஃப்ட்டோடு சேர்ந்துவிட்டது என்று பொருள். நல்ல ரோட்டருக்கு நெருப்பு தாவவே தாவாது.

தை அறுவடை முடிந்தால் எலி. வைக்கோல் போருக்குப் பக்கத்துக் கொட்டகையில் வண்டியை நிறுத்தியிருப்பார்கள். வயரின் உறையைக் கொறித்துவிட்டுச் செம்பை விட்டுவிடும். காய்ந்திருக்கும் வரை வண்டி ஓடும், ஈரம் பட்டால் நிற்கும்.

காயில் வாங்குவதில் உள்ள ஒரு வம்பையும் சொல்லியாக வேண்டும். காயில்கள் இரண்டு வகை. ஒன்று 3 ஓம், நேரே 12 வோல்ட்டில் ஓடுவது. மற்றது 1.5 ஓம், அதற்கு முன்னால் இன்னொரு 1.5 ஓம் தடையைத் தொடராக வைத்து ஓட்டுவது. அந்தத் தடையை பேலஸ்ட் என்பார்கள். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் மட்டும் பேலஸ்ட்டைத் தாண்டி நேரடி வோல்ட்டேஜ் கொடுக்க சோலினாய்டில் தனி முனை இருக்கும். பேட்டரி இறங்கும் அந்த நேரத்திலும் நல்ல நெருப்பு கிடைக்க வேண்டும் என்பதற்காக யோசித்துச் செய்த ஏற்பாடு. வெளியே பார்த்தால் இரண்டு காயிலும் ஒரே டப்பா. பேலஸ்ட் இல்லாத வண்டியில் 1.5 ஓம் காயிலை மாட்டினால் 8 ஆம்பியர் இழுத்துப் பாயிண்ட்டைக் கருக்கிவிடும். பேலஸ்ட் உள்ள வண்டியில் 3 ஓம் காயிலை மாட்டினால் கூடுதல் தடையால் நெருப்பு நோஞ்சானாகும். குமராட்சிப் பக்கத்து ஹெரால்டு ஒன்றில் இந்த இரண்டாவது கோளாறு. காயில் புதுசு என்பதால் யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை. சென்னையில் ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ காயில் வாங்குகிறவர்கள் கடையிலேயே மீட்டரை வைத்து ஓம் பார்த்து வாங்குங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மிகப் பழைய வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த். இது தெரியாமல் நெகட்டிவை எர்த் செய்துவிட்டு, காயில் வயர்களை மாற்றாமல் விட்டால் வண்டி ஓடும், ஆனால் குளிர்ந்த காலையில் முரண்டு பிடிக்கும். பிளக்கின் நடுமுனை நெகட்டிவாக இருக்க வேண்டும். சூடான அந்த முனையிலிருந்து மின்சாரம் எளிதாகக் கிளம்பும். தலைகீழாக இருந்தால் காயில் கூடுதல் வோல்ட்டேஜ் கொடுத்தாக வேண்டும். இதைப் பார்க்க மேஸ்திரி பென்சில் வைத்திருப்பார். பிளக் வயரின் முனையைப் பிளக்குக்குச் சற்று விலக்கிப் பிடித்து, நடுவில் பென்சிலின் கரிமுனையை நீட்டுவார். சுடர் பிளக் பக்கம் சிதறினால் சரி, வயர் பக்கம் சிதறினால் காயிலின் இரண்டு வயர்களையும் மாற்றிப் போட வேண்டும்.

இப்போதெல்லாம் பாயிண்ட்டையே எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் கிட் போடச் சொல்லிக் கேட்கிறார்கள். தினமும் ஓட்டுகிற வண்டி என்றால் போட்டுத் தருகிறேன். ஆனால் ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளை, அசல் உருவத்தை மாற்றாமல் வைத்திருந்தால் விண்டேஜ் என்று பதிந்துகொள்ள 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, நம்பரில் வி.ஏ. என்ற எழுத்து வரும். அப்படி ஒரு வண்டியைப் பேணுகிறவருக்கு என் ஆலோசனை, பாயிண்ட்டையே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். பாயிண்ட் கெட்டால் கண்ணால் பார்க்கலாம், கையால் சரிசெய்யலாம். கிட் வழியில் செத்தால் எவ்வளவு தேர்ந்த கைக்கும் அங்கே வேலையில்லை. அதுமட்டுமல்ல, கிட்டுக்கும் அதே வெள்ளை வயரில்தான் மின்சாரம் வர வேண்டும். வயரில் கோளாறை வைத்துக்கொண்டு கிட் போட்டால் அதுவும் செல்ஃப் அடிக்கும்போது படுத்துக்கொள்ளும். சொல்லப்போனால் சில கிட்டுகள் பாயிண்ட்டைவிட வோல்ட்டேஜ் குறைவுக்கு இன்னும் அதிகமாக மசியும்.

வண்டியைக் கொடுத்தனுப்பும்போது டேஷ்போர்டு பெட்டியில் நான் ஒரு சின்னப் பை வைத்து அனுப்புவேன். ஒரு பாயிண்ட் செட், ஓடிப் பார்த்து நல்லதென்று தெரிந்த பழைய கண்டென்சர், ஒரு ரோட்டர், 15 தவ் தகடு, இரண்டு பக்கமும் கிளிப் வைத்த ஒரு பாக நீள வயர். புதுக் கண்டென்சரைவிட ஓடித் தேர்ந்ததையே நான் நம்புகிறேன். வயர் எதற்கென்று சொந்தக்காரருக்குச் செய்தே காட்டிவிடுவேன். வழியில் வண்டி கிளம்பாவிட்டால் பேட்டரி பாசிட்டிவிலிருந்து காயிலின் எஸ்.டபிள்யூ. முனைக்கு நேரே அந்த வயரை மாட்டி செல்ஃப் அடிக்க வேண்டும்; பாசிட்டிவ் எர்த் வண்டியாக இருந்தால் நெகட்டிவிலிருந்து. கிளம்பிவிட்டால் கோளாறு சாவிக்கும் காயிலுக்கும் நடுவில்தான், வீடு வந்து சேரலாம். பேலஸ்ட் வண்டியில் மட்டும் இதை மாட்டிக்கொண்டே தொடர்ந்து ஓட்டக் கூடாது, காயில் வெந்துவிடும். வீட்டில் நிறுத்தும்போது சாவியை அணைத்தாலும் இன்ஜின் நிற்காது. பானெட்டைத் தூக்கி அந்தக் கிளிப்பைப் பிடுங்க வேண்டும்.